பின்வரிசையில் நிற்கும் தாளம்

சிலாபம் முதல் கற்பிட்டி வரையான கரையோரத்தில் கோயில் திருநாளுக்கும் கலியாண வீட்டுக்கும் இசைக்குழு பிடிப்பது வழக்கம். பாடுபவரை எல்லோரும் பார்ப்பார்கள். பின்னால் நான்கு கம்பி பேஸ் கிற்றாருடன் நிற்பவரை எவரும் பெரிதாகக் கவனிப்பதில்லை. ஆனால் அவர் கை நின்றால் ஆடுபவர்களின் கால் தடுமாறிவிடும். சாதாரண கிற்றாரிலும் ஒரு ஸ்தாயி கீழே ஒலிக்கும் இந்த வாத்தியத்தை, இன்று நாம் காணும் வடிவில் 1951 இல் அமெரிக்காவின் லியோ ஃபெண்டர் விற்பனைக்குக் கொண்டுவந்தார்.

ஊர்க் குழுக்களில் வாசிப்போரில் இசையை மட்டும் நம்பி வாழ்பவர்கள் குறைவு. பகலில் ஒரு தொழில், இரவில் மேடை. கணவன் விடியப்புறம் வீடு திரும்பும்வரை கதவைத் திறக்கக் காத்திருந்து, காலையில் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்புபவள் மனைவி. அந்த உழைப்பை எந்த மேடையிலும் எவரும் சொல்வதில்லை.

இக்குழுக்கள் வாசிக்கும் பைலாவைச் சிங்களத்தில் புகழ்பெறச் செய்த வொலி பஸ்தியனும் ஒரு பொலிஸ் உத்தியோகத்தர்தான். 1970களில் ஏ. ஈ. மனோகரன் போன்றோரின் பொப்பிசை வழியாக அந்தத் துள்ளல் தமிழ் வீடுகளுக்கும் வந்தது. அதன் வேரைத் தேடிப் போனால் நமது மாவட்டத்துக்கே திரும்பி வருகிறோம்.

புத்தளம் நகருக்கு அண்மையில் சிறாம்பியடி என்றொரு சிறு கிராமம். ஆபிரிக்காவிலிருந்து கொண்டுவரப்பட்டவர்களின் வழித்தோன்றல்கள் அங்கே வாழ்கிறார்கள். போத்துக்கீசரும், பின்னர் ஒல்லாந்தரும் ஆங்கிலேயரும் இவர்களின் முன்னோரை அடிமைகளாகவும் படைவீரராகவும் இத்தீவுக்குக் கொண்டுவந்தனர். 19 ஆம் நூற்றாண்டில் ஆங்கிலேயர் படைப்பிரிவைக் கலைத்தபோது சிலர் புத்தளத்தில் தங்கிவிட்டனர். விரும்பி வந்தவர்களல்ல, திரும்பிப் போக வழியும் இருக்கவில்லை. காப்பிரிகள் என்று ஊரார் அழைக்கும் இவர்கள் சிங்களவரோடும் தமிழரோடும் மணவுறவு கொண்டு கலந்துவிட்டார்கள். வீட்டில் பேசிய போத்துக்கீசக் கலப்பு மொழியும் மெல்லப் போய்விட்டது. இளையோர் பேசுவது சிங்களம்.

ஆனால் பாட்டு போகவில்லை. அதை மஞ்ஜா என்கிறார்கள். பெண்கள் வட்டமாக அமர்ந்து தொடங்குவார்கள். றபானும் டோலக்கும் உண்டு. மற்றவை அடுக்களைச் சாமான்களே. சிரட்டை இரண்டைத் தட்டுவார்கள், போத்தலைக் கரண்டியால் தட்டுவார்கள். ஆரம்பம் மெதுவாக இருக்கும். வரவரத் தாளம் விரையும். இருந்தவர்கள் எழுந்து ஆடத் தொடங்குவார்கள். இங்கே பேஸ் கிற்றார் இல்லை, அதன் வேலையை மேளம் செய்கிறது. மேடைக் குழுக்களில் ஆண்களே நிறைந்திருக்க, இங்கு பாட்டைக் கொண்டுசெல்வோர் பெரும்பாலும் பெண்கள். நான் முக்கியமாகக் கருதுவது இதைத்தான்.

பாடும் சொற்களின் பொருள் பாடுபவர்களுக்கே முழுமையாகத் தெரியாது. எழுதிவைக்கப்படாமல், தாயிடமிருந்து மகளுக்கு வாய்வழியே வந்தவை அவை. மொழியை இழந்த சமூகம் தாளத்தைப் பிடித்துக்கொண்டது. பிற்காலத்தில் வெளியூர் மேடைகளிலும் பாட அழைக்கப்பட்டார்கள். அதனால் பிள்ளைகளுக்கும் கற்கும் ஆவல் பிறந்தது. வருமானம் என்று பார்த்தால் பெரிதல்ல.

வாத்தியம் ஆண்களுக்குரியது என்று நினைக்கும் சகோதரிகளுக்கு ஒரு செய்தி. அமெரிக்காவின் கரோல் கே மூன்று பிள்ளைகளின் தாய். 1963 இல் ஒலிப்பதிவுக்கு வரவேண்டிய பேஸ் கலைஞர் வராததால் அவருக்குப் பதிலாக வாசித்தவர், பின்னர் ஆயிரக்கணக்கான ஒலிப்பதிவுகளில் வாசித்தார்.

1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்டு இம்மாவட்டத்துக்கு வந்த தாய்மார் கையில் எடுத்துவந்தது மிகக் கொஞ்சம். யுத்தத்தால் 2009 வரை மீண்டும் மீண்டும் இடம்பெயர்ந்த வன்னிச் சகோதரிகளின் நிலையும் அதுதான். நாற்று நடும்போது பாடியவை, பிள்ளையைத் தூங்கவைத்தவை, செத்தவீட்டில் ஒப்பாரியாகச் சொன்னவை இன்று எத்தனை பேருக்கு முழுமையாகத் தெரியும்? பாடியவர்கள் வயதாகிப் போகிறார்கள். அடுத்த மாதர் சங்கக் கூட்டத்துக்கு ஒரு கொப்பி கொண்டுபோங்கள். கைத்தொலைபேசி இருந்தால் குரலையும் பதிந்துகொள்ளலாம். பாடியவரின் பெயரையும் ஊரையும் மேலே எழுதுங்கள். சொல் மறந்த இடத்தை வெறுமையாக விடுங்கள். அடுத்த வீட்டுப் பெரியம்மாவுக்கு அந்த அடி ஞாபகம் இருக்கக்கூடும்.