தப்பிய உண்ணியின் பிள்ளைகள்

பசுவின் காது மடலைப் புரட்டிப் பாருங்கள். மடிக்கும் தொடைக்கும் நடுவே, வாலடியில், அலைதாடி மடிப்பில் விரலை விட்டுத் தடவிப் பாருங்கள். ரத்தம் குடித்து முட்டிய பெண் உண்ணி, சாம்பல் பூத்த ஆமணக்குக் கொட்டை போலத் தொங்கும். ரோமானியர்கள் கண்ணிலும் இந்தச் சாயல் பட்டிருக்கிறது. லத்தீனில் ‘ரிசினஸ்’ என்றால் உண்ணி; ஆமணக்குக்கும் அதே பெயர்.

தொங்குவது தானாக விழும். சாணத்துக்கடியிலோ சுவர் விரிசலிலோ ஒதுங்கி 2,000, 3,000 முட்டையிட்டுச் சாகும். பொரிந்த குஞ்சுகள் புல் நுனியில் ஏறிக் காத்திருக்கும். மாட்டின்மேல் ஏறிவிட்டால், மூன்று வாரத்தில் அங்கேயே வளர்ந்து, இணைசேர்ந்து, குடித்து விழும். ஒரு வருஷத்துக்குள் மூன்று நான்கு தலைமுறை ஓடிவிடும்.

“உண்ணிக்கு மருந்து பழகிப்போச்சு” என்று மாடு வளர்ப்பவர்கள் சொல்வார்கள். உண்மையில் எந்த உண்ணியும் பழகுவதில்லை. மருந்தடிக்கும் முன்பே, ஆயிரக்கணக்கில் ஒன்றிரண்டு பிறவியிலேயே வேறாக இருக்கும். டெல்டாமெத்ரின் போன்ற மருந்து உண்ணியின் நரம்பில் சோடியம் நுழையும் வாசலைத் திறந்தபடியே நிறுத்தி, துடிதுடிக்க வைத்துக் கொல்கிறது. மரபணுவில் ஒரே ஓர் எழுத்து மாறியிருந்தால் போதும், அந்த வாசலில் மருந்து சரியாகப் பொருந்தாது. வேறு சில உண்ணிகள் மருந்தை உடலுக்குள்ளேயே உடைத்துப் போட்டுவிடும். மற்றவை செத்து விழ, தப்பியது முட்டையிடும். அடுத்த முறை நாம் மருந்தடிப்பது அதன் பிள்ளைகள்மேல்.

இந்தப் பாடத்தை ஆஸ்திரேலியா பெருவிலை கொடுத்துப் படித்தது. 1872-இல் ஜாவாவிலிருந்து டார்வினுக்கு வந்த மாடுகளோடு உண்ணியும் இறங்கியது. குவீன்ஸ்லாந்தில் மாடுகளை ஆர்சனிக் கரைசல் தொட்டியில் முக்கியெடுத்தார்கள். 1930-களில் ஆர்சனிக்குக்குச் சாகாத உண்ணிகள் தென்பட்டன. டிடிடி வந்தது, பத்து வருஷம்கூடத் தாங்கவில்லை. 1960-களில் ஆர்கனோபாஸ்பேட்டும் தோற்றது. அடுத்து வந்த பைரித்ராய்டு மருந்துகளும், டிடிடி தாக்கிய அதே சோடியம் வாசலைத்தான் தாக்குகின்றன. அதனால் டிடிடிக்குத் தப்பிய சில உண்ணிகள், புதிய மருந்து கைக்கு வருமுன்பே அதையும் தாங்கக்கூடியவையாக இருந்தன!

நம் தொழுவங்களில் நடக்கும் தவறு இங்கேதான். டெல்டாமெத்ரின் கேட்கவில்லையென்று சைபர்மெத்ரின் வாங்குகிறோம். புட்டி வேறு, பெயர் வேறு. இரண்டும் ஒரே பைரித்ராய்டு குடும்பம். மாற்ற வேண்டியது குடும்பத்தை, அதுவும் கால்நடை மருத்துவரைக் கேட்டு. அளவைக் குறைப்பது இன்னும் ஆபத்து. தாய், தகப்பன் இருவரில் ஒருவரிடமிருந்து மட்டும் அந்த மாற்றத்தைப் பெற்ற உண்ணி, முழு அளவில் பல சமயம் செத்துவிடும். மூடியில் குத்துமதிப்பாக ஊற்றிய அரை அளவில் பிழைத்துக்கொள்ளும். முதுகை மட்டும் நனைத்துவிட்டுக் காதையும் வாலடியையும் விடுவதும் அரை அளவுக்குச் சமம்தான். தொழுவத்து விரிசல்களையும் மறக்கக் கூடாது.

ஆஸ்திரேலியர்களுக்கு நிலைத்த உதவி வந்தது மருந்துக் கடையிலிருந்து அல்ல. 1933-இல் அமெரிக்காவிலிருந்து பிராமன் மாடுகளைக் குவீன்ஸ்லாந்துக்குக் கொண்டுவந்தார்கள். அந்த இனத்தின் மூதாதைகள் நம் ஓங்கோல், கிர், காங்கிரேஜ் போன்ற திமில் மாடுகள். உண்ணிக் குஞ்சு கடித்ததுமே அவற்றின் தோல் எதிர்த்து வினைபுரியும். பெரும்பாலான குஞ்சுகள் ரத்தம் நிறையக் குடிக்காமலே உதிர்ந்துவிடும். எந்த மருந்துக்குத் தப்பிய உண்ணியானாலும் இந்தத் தோலிடம் அந்தச் சாமர்த்தியம் உதவாது. நாமோ பாலுக்காக ஜெர்சியையும் ஹோல்ஸ்டீனையும் கலந்தோம். பால் கூடியது, அந்தத் தோல் போயிற்று. கலப்பினப் பசுவையும் நாட்டு மாட்டையும் ஒரே தொழுவத்தில் கட்டியிருப்பவர் யாரையாவது கேட்டுப் பாருங்கள், எதன் மடியில் அதிகம் உண்ணி பிடுங்குகிறார் என்று.