வெள்ளையெல்லாம் பகையல்ல

தொட்டியில் வளரும் செம்பருத்தியின் தளிர்கள் சுருண்டு, கணுக்களில் பஞ்சு ஒட்டியதுபோல் வெண்மை படருமாயின், அது பெரும்பாலும் மாவுப்பூச்சியின் வேலை. சாற்றை உறிஞ்சும் இப்பூச்சி இனிப்பான திரவத்தைக் கழிவாக வெளியேற்றுகிறது. அதை நாடி எறும்புகள் வருகின்றன. இலைமேல் கரும்பூசணமும் படர்கிறது. ஆகவே, தண்டில் எறும்புச் சாரையைக் கண்டால் இலைகளின் அடிப்புறத்தைப் புரட்டிப் பார்ப்பது நலம்.

ஆயினும், வெண்மையானவை அனைத்தும் பகையல்ல. 1898-ஆம் ஆண்டு ஆஸ்திரேலியாவிலிருந்து இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்ட ‘கிரிப்டோலேமஸ்’ என்னும் பொறிவண்டின் புழுவும் வெண்மெழுகு இழைகளைப் போர்த்தே திரியும். மாவுப்பூச்சி பெரும்பாலும் ஓரிடத்தில் ஒட்டிக் கிடக்கும். இப்புழுவோ அதனினும் பெரிதாய் வளர்ந்து, நீண்ட இழைகளுடன் விரைந்து ஊர்ந்து, மாவுப்பூச்சியையும் அதன் முட்டைகளையும் தின்னும். கண்டவுடன் கடும் நஞ்சைத் தெளித்தால் இக்காவலன் மடிவான். மெழுகுப் போர்வைக்குள் பகைவன் தப்பிவிடக்கூடும்.

நாம் செய்யத்தக்கவை எளியவை. பூச்சி மண்டிய நுனிகளை வெட்டிப் பையிலிட்டுக் கட்டி அகற்றுவோம். எஞ்சியவற்றை நீரைப் பீய்ச்சிக் கழுவுவோம். பின்னர் ஒரு லிட்டர் நீரில் 5 மில்லி வேப்பெண்ணெயும், அது நன்கு கலக்கச் சில துளி சோப்புக் கரைசலும் சேர்த்து, மாலையில் இலைகளின் அடிப்புறம் நனையத் தெளிப்போம். ஒரு வாரம் கழித்து மீண்டும் தெளிப்போம். பொறிவண்டுப் புழு உலவும் கிளையை மட்டும் விட்டுவைப்போம். எறும்புகள் இந்த நட்புப் பூச்சிகளை விரட்டுபவை. ஆதலின் அவை தொட்டியில் ஏறாமல் தடுப்போம்.

புதிதாய் வாங்கும் செடியைச் சில நாள்கள் தனியே வைத்து நோக்கிய பின்னரே மற்றவற்றோடு சேர்ப்போம்.