புதிய கருவியும் பழகிய கையும்

தறியில் பழகிய கை தன் போக்கை மாற்றிக்கொள்வது எளிதன்று. ஆயினும் நம் தொழிலில் மாற்றம் ஓய்வதில்லை. நூல் விலை, வாங்குவோர் விருப்பம், கருவி, கணக்கு எழுதும் முறை யாவும் மாறிக்கொண்டேயிருக்கின்றன. “இந்த வயதில் இன்னும் எத்தனையைத்தான் கற்பது?” என்று மூத்த அங்கத்தினர் கேட்பதில் நியாயம் உண்டு. அதற்கு விடை கூறச் சங்கம் கடமைப்பட்டுள்ளது.

சேலத்தில் முன்னர் நடந்த ஒன்றை இங்கு நினைவுகூரலாம். 1906-ஆம் ஆண்டில் சென்னை மாகாண அரசாங்கம் அங்கே ஒரு கைத்தறி நெசவுச் சாலையைத் தொடங்கிற்று. ஆல்பிரட் சாட்டர்டன் என்பவர் அம்முயற்சிக்கு முன்னின்றார். அக்காலத்தில் நெசவாளர் பலர் நாடாவை ஒரு கையால் வீசி மறு கையால் பிடித்தனர். புதிய தறியிலோ கயிற்றை இழுத்தால் நாடா பலகைமீது தானே ஓடும். ஆகவே அதே நேரத்தில் அதிகத் துணி நெய்ய முடிந்தது.

கருவி நல்லதே. ஆனால் வீட்டையும், தார் சுற்றி உதவும் மனைவி மக்களையும் விட்டுவிட்டு, குறித்த நேரத்திற்கு வந்து போகும் சாலை வாழ்க்கையை நெசவாளர் விரும்பவில்லை. அரசாங்கமே தொழில் நடத்துவதை இலண்டனிலிருந்த மேலதிகாரமும் ஏற்கவில்லை. 1910-ஐ ஒட்டி அம்முயற்சி கைவிடப்பட்டது. ஆயினும் கயிற்றால் ஓடும் அதே நாடா பின்னர் வீட்டுக் குழித்தறிகளிலேயே பொருத்தப்பட்டு எங்கும் பரவிற்று. நெசவாளர் மறுத்தது கருவியை அன்று. அது வந்த விதத்தையே.

இன்று பட்டு நெசவில் மின்னணு ஜக்கார்டு வந்துள்ளது. முன்பு ஒரு டிசைனுக்கு நூற்றுக்கணக்கான அட்டைகளைத் துளையிட்டுக் கோத்துப் பெட்டியில் மாட்டவேண்டும். இப்பொழுது கணினியில் வரைந்த டிசைன் நேரே பெட்டிக்குச் செல்கிறது. டிசைனை விரைவில் மாற்ற முடிவது பெரும் நன்மை. ஆனால் அட்டை அடித்துப் பிழைத்தவருக்கு வேலை குறைகிறது. பெட்டி பழுதானால் நெசவாளர் தாமே சீர் செய்ய இயலாமல் தறி நிற்கிறது. சேலைக்கு இவ்வளவு என்று கூலி பெறுபவருக்கோ, பழகும் நாளெல்லாம் வருமானம் குன்றிய நாளே. மாதச் சம்பளம் பெறுபவர் இந்த நஷ்டத்தை உணர்வது அரிது.

பருத்தி பயிரிடும் அங்கத்தினரும் இதனை அறிவர். 2002-இல் பி.டி. பருத்திக்கு அனுமதி கிடைத்தபின் விதையும் பூச்சி மருந்துக் கணக்கும் மாறின. சொந்த விதையை எடுத்து வைத்த வழக்கம் அருகிற்று.

ஆகவே சங்கங்கள் சிலவற்றைக் கடைப்பிடித்தல் நலம். முதலாவது, எந்த மாற்றமும் தறிக்கு வருமுன் பொதுக்குழுவுக்கு வரவேண்டும். அதன் காரணம், செலவு, புதிய கூலி ஆகியவற்றை ஒளிக்காமல் கூறவேண்டும். இரண்டாவது, ஒன்றிரண்டு தறிகளில் சோதித்து, நெய்தவரின் குறைகளைக் கேட்டபின்பே பிறருக்கு வழங்கவேண்டும். மூன்றாவது, பழகும் காலத்தில் குறையும் கூலியில் ஒரு பகுதியைச் சங்கம் ஏற்கவேண்டும். நான்காவது, வேலை இழப்பவரை முதலில் பயிற்சிக்கு அனுப்பவேண்டும். டிசைனின் நுட்பம் அறிந்த அட்டைக்காரர் கணினியில் வரையக் கற்பது தகும். காஞ்சிபுரத்திலும் சேலத்திலும் உள்ள நெசவாளர் சேவை மையங்களை இதற்காக அணுகலாம்.

புதிய முறை எல்லாத் தறிக்கும் பொருந்தாது என்பதையும் மறத்தலாகாது. உடலையும் கரையையும் தனித்தனி நாடாக்களால் இணைக்கும் கோர்வைச் சேலைக்கு இன்றும் தேர்ந்த கையே வேண்டும். அக்கையை உடையவரை இளைஞருக்கு ஆசானாக அமர்த்தினால் அவர் மதிப்பும் குறையாது, தொழிலும் அழியாது.

தனியொருவர் மாற்றத்தின் நஷ்டத்தைத் தாமே சுமக்கவேண்டியவராகிறார். அதனைப் பலரும் பகிர்ந்துகொள்ளவே நாம் சங்கமாகக் கூடினோம். அடுத்த பொதுக்குழுவில் இப்பொருளை எழுப்புமாறு அங்கத்தினர் யாவரையும் வேண்டுகிறோம்.