உளவியல் கருத்துருக்களின் தமிழ்ப் பெயர்களும் அறிவுக் கழகங்களின் பங்கும்

ஆய்வுச் சுருக்கம்

ஓர் அறிவுத்துறையின் அடிப்படைக் கருத்துருக்களுக்குப் பெயரிடுவோர் தனி அறிஞர்களாக இருக்கலாம். அப்பெயர்களைத் தொகுத்து, வரையறுத்து, காலத்திற்கேற்பத் திருத்தும் பணியோ கழகங்களைச் சார்ந்தது. உளவியல் தமிழுக்கு வந்த வழியில் கலைச்சொல் படைத்த கழகங்களும் உளவியலாளர்தம் தொழில்முறைக் கழகங்களும் தனித்தனியே இயங்கின. அடிமனம், மனப்பான்மை, மன அழுத்தம் ஆகிய மூன்று சொற்களின் வழி இவ்விடைவெளியின் விளைவுகளை இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: உளவியல், கலைச்சொல்லாக்கம், தமிழ் வளர்ச்சிக் கழகம், மன அழுத்தம், மனச்சோர்வு, மாகறல்.

முன்னுரை

காஞ்சிபுரத்தை அடுத்துச் செய்யாற்றங்கரையில் அமைந்த மாகறல், திருஞானசம்பந்தரின் பதிகம் பெற்ற தலமாகும். இறைவனைப் பணிவோரின் வினைகள் நீங்கும் என்பது அப்பதிகத்தின் பொருள். மனத்துயரைச் சுட்ட வினை, கவலை, மனபாரம், மனக்குறை எனப் பல சொற்கள் இத்தகைய ஊர்களில் முன்பே வழங்கி வருகின்றன. எனவே, உளவியல் சொல்லற்ற வெற்றிடத்தில் நுழையவில்லை. பெயர்கள் நிறைந்த ஒரு மொழிக்குள் நுழைந்தது. பழஞ்சொல் எதனைக் குறிக்கிறது, புதுச்சொல் எதனைக் குறிக்கிறது என்று வரையறுக்கும் பொறுப்பு யாருடையது என்ற வினா இங்கு எழுகிறது.

உளவியல் கழகங்களின் தோற்றம்

1879இல் லைப்சிக் நகரில் வில்ஹெல்ம் வுண்ட் நிறுவிய ஆய்வகம் உளவியலைத் தனித்துறையாக்கியது. 1892இல் ஸ்டான்லி ஹால் தலைமையில் அமெரிக்க உளவியல் சங்கமும், 1901இல் பிரித்தானிய உளவியல் கழகமும் உருவாயின. இக்கழகங்கள் மாநாடு கூட்டுவதோடும் இதழ் வெளியிடுவதோடும் நின்றுவிடவில்லை. அமெரிக்கச் சங்கம் 1974இல் உளவியல் சொல்லடைவு ஒன்றை வெளியிட்டது. ஒரு கருத்துருவுக்குரிய ஏற்புடைய சொல் எது, அதற்கு விரிந்ததும் குறுகியதுமான சொற்கள் எவை என அது வரிசைப்படுத்தியது. அச்சொல்லடைவு தொடர்ந்து திருத்தப்பட்டும் வந்தது.

இந்தியாவில் கல்கத்தாப் பல்கலைக்கழகத்தின் உளவியல் துறை நரேந்திரநாத் சென்குப்தாவின் பொறுப்பில் தொடங்கியது. கிரீந்திரசேகர போஸ் 1922இல் அந்நகரிலேயே இந்திய உளப்பகுப்பாய்வுக் கழகத்தை நிறுவினார். இந்திய உளவியல் சங்கம் 1920களின் நடுப்பகுதியில் எழுந்தது. 1968இல் இந்திய மருத்துவ உளவியலாளர் சங்கமும், 1989இல் இந்திய தேசிய உளவியல் கழகமும் தோன்றின. இவற்றின் ஆய்விதழ்களும் மாநாட்டு உரைகளும் பெரிதும் ஆங்கிலத்திலேயே அமைந்தன. 1992ஆம் ஆண்டின் இந்திய மறுவாழ்வுக் குழுமச் சட்டம் மருத்துவ உளவியலாளரைப் பதிவு செய்ய வழிவகுத்தது. அப்பதிவு தொழில் செய்வோரின் தகுதியை உறுதி செய்கிறது. அவர்கள் மக்களிடம் பயன்படுத்தும் சொற்களை வரையறுப்பது அதன் நோக்கமன்று.

தமிழ்க் கழகங்களும் உளவியலும்

மறுபுறம், தமிழில் அறிவியலைச் சொல்லும் முயற்சி வேறொரு வழியில் வளர்ந்தது. 1916இல் சேலத்தில் இராஜாஜியின் முயற்சியோடு அறிவியல் கலைச்சொற்களுக்கென ஒரு சங்கம் தோன்றியது. 1946இல் தி. சு. அவினாசிலிங்கம் தலைமையில் தமிழ் வளர்ச்சிக் கழகம் நிறுவப்பட்டது. அதன் கலைக்களஞ்சியம் 1954 முதல் 1968 வரை பத்துத் தொகுதிகளாக வெளிவந்தது. அதன் முதன்மை ஆசிரியர் பெரியசாமித் தூரன் (1908–1987) கவிஞராகவும் இசைப்பாடல் ஆசிரியராகவும் அறியப்பட்டவர். உளவியலைத் தமிழில் எளிதாக எழுதியவரும் அவரே. ‘தாழ்வு மனப்பான்மை’, ‘அடிமனம்’, ‘மனமும் அதன் விளக்கமும்’ ஆகியவை அவர்தம் நூல்கள். பின்னர்க் கல்லூரிக் கல்வி தமிழ்வழியில் விரிந்தபோது பாடநூல் ஆசிரியர்களும் தத்தம் தேவைக்கேற்பச் சொற்களை ஆக்கினர்.

இவ்வாறு, பெயரிட்டோர் பலர் இருந்தனர். பெயர்களை ஒப்பிட்டு நிலைநிறுத்தும் பொது அவை வலுவாக அமையவில்லை. பின்வரும் மூன்று சொற்கள் இதனைத் தெளிவாக்கும்.

அ. அடிமனம்

ஃபிராய்டின் ‘அன்கான்ஷியஸ்’ என்னும் கருத்துரு அடிமனம், ஆழ்மனம், நனவிலி மனம் எனப் பலவாறு தமிழில் வழங்குகிறது. அடிமனம், ஆழ்மனம் ஆகியவை மனத்தை ஓர் இடமாக உருவகித்து அதன் கீழ்ப்பகுதியைச் சுட்டுகின்றன. நனவிலி என்பது நனவு இல்லாத நிலையைச் சுட்டுகிறது. இவற்றுள் சில, நனவுக்கு எட்டும் தொலைவில் உள்ள ‘சப்கான்ஷியஸ்’ என்பதற்கும் ஆளப்படுகின்றன. அதனால், நனவுக்கு வரவிடாமல் அடக்கப்பட்டவை என்னும் ஃபிராய்டின் சிறப்புப்பொருள் மங்குகிறது.

ஆ. மனப்பான்மை

ஆல்பிரட் ஆட்லர் தாழ்வுணர்ச்சியையும் ‘காம்ப்ளெக்ஸ்’ என்பதையும் வேறுபடுத்தினார். தாழ்வுணர்ச்சி எல்லா மனிதர்க்கும் இயல்பானது, முயற்சிக்குத் தூண்டுவது. அதனைக் கடக்க இயலாமல் ஒருவர் தேங்கிவிடும் நிலையே இரண்டாவது. ‘தாழ்வு மனப்பான்மை’ என்னும் தொடர் பேச்சுவழக்கிலும் வேரூன்றிவிட்டது. கலைச்சொல்லாக்கத்தில் இதுவொரு பெருவெற்றி எனலாம். ஆயினும், கல்வியியல் ஆய்வுகள் ‘ஆட்டிட்யூட்’ என்பதற்கும் மனப்பான்மை என்ற சொல்லையே ஆள்கின்றன. ஒன்று தேங்கிய உளநிலை. மற்றொன்று ஒரு பொருளைப் பற்றிய சார்பு அல்லது எதிர்ப்பு. ‘மாணவர்தம் கணித மனப்பான்மை’ என்னும் ஆய்வுத்தலைப்பும் ‘தாழ்வு மனப்பான்மை’ என்னும் தொடரும் ஒரே சொல்லால் இருவேறு கருத்துருக்களைக் குறிக்கின்றன. ‘காம்ப்ளெக்ஸ்’ என்பதற்குச் ‘சிக்கல்’ என்றும், ‘ஆட்டிட்யூட்’ என்பதற்கு ‘மனப்பாங்கு’ என்றும் எழுதுவோரும் உளர். எனினும், சீர்மை இன்னும் எய்தப்படவில்லை.

இ. மன அழுத்தம்

மூன்றாவது குழப்பம் நோயாளியை நேரடியாகப் பாதிப்பது. ‘ஸ்ட்ரெஸ்’, ‘டிப்ரஷன்’ ஆகிய இரண்டுக்கும் நாளிதழ்களிலும் பேச்சிலும் ‘மன அழுத்தம்’ என்றே வழங்குகிறது. இதற்குக் காரணமும் உண்டு. ‘ஸ்ட்ரெஸ்’ என்னும் சொல்லை 1930களுக்குப் பின் ஹான்ஸ் செல்யே உடலியலில் பரப்பினார். சுமைக்கு உள்ளான பொருளில் எழும் நிலையே அதன் இயற்பியல் பொருள். ‘டிப்ரஷன்’ என்பதன் இலத்தீன் மூலமோ ‘கீழே அழுத்துதல்’ என்பதாகும். சொல்லுக்குச் சொல் பெயர்க்கும்போது இரண்டும் அழுத்தத்திலேயே வந்து முடிகின்றன.

கருத்துரு நிலையில் இவை வேறு. எடுத்துக்காட்டாக, திருமணத் தேதிக்குள் பட்டுச்சேலையை முடித்துத் தர வேண்டிய நெசவாளர் ஒருவரைக் கருதலாம். உறக்கக் குறைவும் பதற்றமும் அவரிடம் காணப்படுகின்றன. சேலை தறியிலிருந்து இறங்கியதும் அவை தணிகின்றன. இது சுமைக்கு எதிர்வினையாகிய அழுத்தம். மற்றொருவர் வேலை முடிந்த பின்னும், கூலி கைக்கு வந்த பின்னும், இரு வாரங்களுக்கு மேலாக எதிலும் நாட்டமின்றி, உறக்கமும் பசியும் குலைந்து, தம்மைப் பயனற்றவராக எண்ணுகிறார். இது மனச்சோர்வு நோயின் அறிகுறி. மருத்துவ உதவி தேவைப்படுவது. இருவருக்கும் ‘மன அழுத்தம்’ என்றே சொன்னால், ‘எல்லார்க்கும் இருப்பதுதானே, ஓய்வெடுத்தால் சரியாகிவிடும்’ என்று இரண்டாமவர் சிகிச்சையைத் தள்ளிப்போட இடமுண்டு.

ஆய்வு முறையிலும் இச்சிக்கல் எழுகிறது. 1995இல் லோவிபாண்ட் என்னும் பெயருடைய இருவர் அமைத்த அளவுகோல் மனச்சோர்வு, பதற்றம், அழுத்தம் ஆகிய மூன்றையும் தனித்தனியே அளப்பது. அதன் முடிவுகளைத் தமிழில் விளக்கும்போது இரு கூறுகள் ஒரே பெயர் பெற்றால் அளவுகோலின் நோக்கமே சிதையும். 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், நோயின் தன்மையையும் சிகிச்சையையும் பற்றி அறியும் உரிமையை நோயாளிக்கு அளிக்கிறது. அவர் புரிந்துகொள்ளும் மொழியில் அதனைத் தெரிவிக்க வேண்டும் என்றும் கூறுகிறது. எனவே, சொல் தெளிவு உரிமை சார்ந்ததாகவும் ஆகிறது.

கழகங்கள் ஆற்றத்தக்கவை

நெசவுத் தொழிலில் பாவும் ஊடையும் ஒருபோதும் குழம்புவதில்லை. உடலையும் கரையையும் இணைக்கும் முறைக்குக் ‘கோர்வை’ என்னும் பெயர் நிலைத்துள்ளது. சொல் பிழைத்தால் சேலை பிழைக்கும் என்பதால் அத்தொழிற்சமூகம் தன் சொற்களைத் தானே காத்துவருகிறது. உளவியலிலும் அத்தகைய காப்பு மூன்று நிலைகளில் அமையலாம். முதலாவது, ஒரு கருத்துருவுக்கு வழங்கும் எல்லாத் தமிழ்ச் சொற்களையும் தொகுத்தல். இரண்டாவது, சொல்லோடு வரையறையையும் இணைத்து வெளியிடுதல். மூன்றாவது, அச்சொற்களைப் பொதுமக்களிடம் சோதித்து, அவர்கள் எவ்வாறு பொருள் கொள்கின்றனர் என அறிந்து திருத்துதல். முதலிரண்டும் தமிழறிஞரும் உளவியலாளரும் ஒன்றாக அமர்ந்து செய்ய வேண்டியவை. மூன்றாவது மாகறல் போன்ற ஊர்களில், மனபாரம், கவலை என்னும் சொற்களோடு ஒப்பிட்டுச் செய்ய வேண்டியது.

முடிவுரை

தமிழில் உளவியல் சொற்களுக்குப் பஞ்சமில்லை. ஒரு கருத்துருவுக்குப் பல சொற்களும், ஒரு சொல்லுக்குப் பல கருத்துருக்களும் இருப்பதே சிக்கல். தூரன் போன்றோர் தனி முயற்சியால் பெயரிட்ட பணியைக் கழகங்கள் கூட்டுப் பணியாகத் தொடர வேண்டியுள்ளது. ‘ஸ்ட்ரெஸ்’ என்பதற்கு ‘மன அழுத்தம்’, ‘டிப்ரஷன்’ என்பதற்கு ‘மனச்சோர்வு’ என்னும் ஒரு வேறுபாட்டையேனும் ஆய்வேடுகளும் பாடநூல்களும் மருத்துவமனைத் துண்டறிக்கைகளும் ஒருமித்துக் கடைப்பிடிப்பது இப்பணிக்கு ஏற்ற தொடக்கமாகும்.