கடலூர் அஞ்சலையும் பழைய பேப்பர் கடையும்

நிறைமாதக் கர்ப்பிணி என்பதால் வேலூர் ஜெயிலிலிருந்து ஜாமீனில் விட்டார்கள். பிள்ளை பிறந்து இரண்டு வாரம் ஆவதற்குள் மறுபடி உள்ளே போனார் அந்தத் தாய். அந்தப் பிள்ளையை ‘ஜெயில் வீரன்’ என்றே அழைத்தார்களாம்.

கடலூர் அஞ்சலை அம்மாளைப் பற்றி எழுத உட்கார்ந்தால் இப்படிக் காட்சிகளுக்குப் பஞ்சமில்லை. 1890இல் முதுநகரில் நெசவாளர் குடும்பத்தில் பிறந்தவர். ஐந்தாம் வகுப்போடு படிப்பு நின்றது. கணவர் முருகப்பா பத்திரிகை ஏஜென்ட். 1921இல் ஒத்துழையாமை இயக்கத்தில் இறங்கியவர், நிலத்தையும் குடியிருந்த வீட்டையும் விற்றுப் போராட்டத்துக்குக் கொடுத்தார். 1927இல் சென்னை மவுன்ட் ரோட்டில் நின்ற நீல் சிலையை அகற்றக் கோரிய சத்தியாகிரகத்துக்கு, ஒன்பது வயது மகள் அம்மாக்கண்ணுவையும் கையில் பிடித்துக்கொண்டு போனார். தாய், மகள் இருவருக்கும் சிறை. காந்தி அந்தச் சிறுமிக்கு லீலாவதி என்று பெயர் சூட்டி, வார்தா ஆசிரமத்துக்கு அழைத்துக்கொண்டார்.

1857இல் வட இந்தியாவில் ஊர் ஊராகத் தூக்குமரம் நட்ட நீல் துரைக்குத்தான் அந்தச் சிலை. அதை இறக்கப் பத்து வருடம் பிடித்தது. 1937இல் ராஜாஜி அமைச்சரவை வந்த பிறகே இறக்கினார்கள். அதே ஆண்டு அஞ்சலை அம்மாள் சட்டமன்ற உறுப்பினர். சிலை எழும்பூர் மியூசியத்தில் பத்திரமாக இருக்கிறது. அதை எதிர்த்து ஜெயிலுக்குப் போனவர்களில் எத்தனை பேருடைய காகிதத்துக்கு அப்படியொரு கூரை கிடைத்தது?

எங்கள் நெய்வேலியிலிருந்து கடலூருக்கு வடலூர், குறிஞ்சிப்பாடி வழியாக ஒரு மணி நேர பஸ் பயணம். ஆனால் டவுன்ஷிப் பள்ளிப் பிள்ளைகளைக் கேட்டால் பாஸ்டன் தேநீர் விருந்தைத் தேதியோடு சொல்கிறார்கள்: 1773 டிசம்பர் 16, கடலில் கொட்டியது 342 பெட்டி. அஞ்சலை அம்மாள் பெயருக்கு உதட்டைப் பிதுக்குகிறார்கள். பிள்ளைகள் மேல் தப்பில்லை. பாஸ்டனுக்குக் காகிதம் இருக்கிறது.

பாஸ்டன்காரர்களைத் தூண்டிவிட்ட சாமுவேல் ஆடம்ஸ் என்ன, செல்வந்தரா? 1774இல் பிலடெல்பியா மாநாட்டுக்குக் கிளம்பியபோது நண்பர்கள்தான் அவருக்குப் புது உடுப்பு எடுத்துக் கொடுத்தார்கள். தனக்கு வந்த கடிதங்கள் கூட்டாளிகளைக் காட்டிக்கொடுத்துவிடும் என்று பயந்து, கோடையில் அவற்றைக் கத்தரியால் நறுக்கி ஜன்னல் வழியே வீசினார், குளிர்காலத்தில் நெருப்பில் போட்டார். இதைப் பின்னாளில் எழுதிவைத்தவர் அவருடைய உறவினர் ஜான் ஆடம்ஸ். கையிலிருந்ததை அவரே அழித்தும், அவர் எழுதி அனுப்பியவை மற்றவர்கள் வீட்டில் தங்கின. நியூயார்க் பொது நூலகத்தில் அவருடைய காகிதங்களைக் கேட்டுப் படிக்கலாம்.

நம் பக்கம்? காந்தியைச் சந்திக்கத் தடை போட்டதும் புர்கா அணிந்து குதிரை வண்டியில் போன அஞ்சலை அம்மாள் கதை மேடைதோறும் வருகிறது. ‘தென்னாட்டு ஜான்சி ராணி’ என்று காந்தி சொன்னதற்கும் கைதட்டல் விழுகிறது. சொல்கிறவர்கள் வண்டியைச் சொல்கிறார்கள், புர்காவைச் சொல்கிறார்கள். தேதியைத்தான் சொல்வதில்லை.

சட்டமன்றம் வரை போனவர் நிலையே இதுவென்றால், ஊர்பேர் தெரியாத தொண்டர்கள் கதி என்ன? நெய்வேலிக்காரனாக என்னை அரிக்கும் கவலை இதுதான். இது யாரும் நிரந்தரமாக இருக்க முடியாத ஊர். ரிட்டயர் ஆனால் குவார்ட்டர்ஸைக் காலி செய்ய வேண்டும். கட்டில், பீரோ, பிரிட்ஜ் எல்லாம் டெம்போவில் ஏறும். பரணில் கிடந்த தகரப் பெட்டி மட்டும் வாசலில் நிற்கும், பழைய பேப்பர்காரருக்காக.

அப்படி ஒரு பெட்டியை, சுரங்கத்தில் பக்கெட் வீல் இயந்திரம் ஓட்டி ஓய்வு பெற்ற நண்பர் வீட்டில் பார்த்தேன். ஆயுத பூஜை பொரி மடித்த காகிதம், ரேஷன் கார்டு, மகளின் மார்க் ஷீட். அடியில் நாலாக மடித்த ஒரு ஜெயில் சர்ட்டிபிகேட். கைதி எண், தகப்பனார் பெயர், உள்ளே வந்த நாள், வெளியே போன நாள். மடிப்பு பட்ட இடமெல்லாம் பிய்ந்து, செல்லோடேப் மஞ்சளாகியிருந்தது. “தாத்தா பென்ஷனுக்கு எழுதிப்போட வாங்கினது சார். அவர் போயாச்சு, இனி எதுக்கு?” என்றார்.

எதற்கென்றால், 1972இல் தொடங்கிய மத்திய அரசின் தியாகி பென்ஷனுக்கு ஆறு மாதமாவது சிறையில் இருந்ததற்குச் சான்று வேண்டும். பெண்களுக்கு மூன்று மாதம். ஜெயில் ரெக்கார்டு கிடைக்காதவர்கள் கூடச் சிறையிலிருந்தவரைத் தேடிப் பிடித்துக் கடிதம் வாங்கினார்கள். யார் யாரோடு, எங்கே, எத்தனை நாள் இருந்தார்கள் என்ற விவரம் கிராமத்துப் பெட்டிகளுக்குள் வந்து சேர்ந்தது அப்படித்தான். சுரங்கத்துக்காக நிலம் கொடுத்துப் பெயர்ந்த குடும்பங்களோடும் இப்படிப்பட்ட பெட்டிகள் வந்திருக்கும். இங்கே வேலுடையான்பட்டு முருகனுக்குப் பங்குனி உத்திரத்தன்று இன்றும் கூட்டம் கூடுகிறது. பெட்டிகளுக்குத்தான் கேட்பாரில்லை.

வாய்மொழியாக வரும் நினைவே போதும், காகிதம் படித்தவர்கள் மோகம் என்பவர்களும் உண்டு. இருக்கட்டும். வாய்மொழியில் தலைவர்கள் தப்பித்துக்கொள்வார்கள். அவர்கள் பின்னால் நடந்த நானூறு பேர் தப்ப மாட்டார்கள்.

கோட்டையூரில் சைன்போர்டு எழுதிப் பிழைத்த ரோஜா முத்தையா, நோட்டீசு முதல் கல்யாணப் பத்திரிகை வரை சேர்த்து வைத்தார். இன்று தமிழ் ஆராய்ச்சிக்கு யார் வந்தாலும் சென்னையில் அவர் பெயரிலுள்ள நூலகத்தின் படியேறாமல் முடியாது. ஒரு தனி மனிதரால் அவ்வளவு முடிந்தது. நாம் செய்ய வேண்டியது அதில் காலணா வேலைதான். காலி செய்யும் முன் பெட்டியைத் திறந்து, காகிதத்தின் இரு பக்கத்தையும் செல்போனில் படமெடுங்கள். போட்டோவில் இருப்பவர் பெயரைப் பென்சிலால் பின்னால் எழுதுங்கள். அசலை நூலகத்துக்கோ ஆவணக் காப்பகத்துக்கோ தபாலில் அனுப்புங்கள். பேப்பர்காரர் கிலோவுக்குத் தரும் காசில் ஒரு டீ கூடத் தேறாது.