குனிந்து காலைத் தொட்டால் மட்டும் போதுமா?

அறுபதைத் தாண்டியவர்கள் உடற்பயிற்சி என்று தொடங்கினால் பெரும்பாலும் முதலில் செய்வது ஸ்ட்ரெச்சிங். கையை உயர்த்துவது, இடுப்பை வளைப்பது, குனிந்து காலைத் தொடுவது. உடம்பு நன்றாக வளைகிறது, இனி விழ மாட்டோம் என்று பலரும் நம்புகிறார்கள். அந்த நம்பிக்கையில் பாதிதான் உண்மை.

தவறி விழுவதைச் சின்ன விஷயமாக நினைக்க வேண்டாம். உலகம் முழுவதும் ஆண்டுக்குச் சுமார் 6,84,000 பேர் விழுந்து அடிபட்டு இறக்கிறார்கள் என்கிறது உலக சுகாதார நிறுவனம். எதிர்பாராத காயங்களால் நேரும் மரணங்களில் சாலை விபத்துக்கு அடுத்த இடம் இதற்குத்தான். உயிர் பிழைத்தாலும், இடுப்பு எலும்பு முறிந்த பிறகு பழையபடி நடக்க முடியாமல் போனவர்கள் ஏராளம்.

ஸ்ட்ரெச்சிங் எங்கே உதவுகிறது? முக்கியமாகக் கணுக்காலில். நாள் முழுக்க நாற்காலியில் உட்கார்ந்திருந்தால் கெண்டைக்கால் சதை இறுகிவிடும், பாதம் மேல்நோக்கி மடங்காது. நடக்கும்போது கால்விரல் வாசல்படியிலோ மிதியடியின் ஓரத்திலோ தட்டுவதற்கு இதுவும் ஒரு காரணம். உடம்பு லேசாக முன்னே சாயும்போது அதை முதலில் சரிசெய்வதும் கணுக்கால்தான். அது இறுகிப்போனால் திருத்திக்கொள்ள இடமே இருக்காது. ஆகவே கெண்டைக்கால், தொடையின் பின்பக்கம், இடுப்பின் முன்பக்கம் ஆகிய மூன்று இடங்களையும் தளர்வாக வைத்திருப்பது நல்லது. முதல் சில வாரங்களில் சதை நீண்டுவிடுவதில்லை. இழுப்பைத் தாங்க நரம்பு மண்டலம் பழகிக்கொள்கிறது. அதனால்தான் விட்டுவிட்டால் சீக்கிரமே பழைய இறுக்கம் திரும்புகிறது.

ஆனால் விழாமல் நிற்பது சதையின் தளர்வால் மட்டும் நடக்கிற வேலை இல்லை. கண், உள்காது, பாதத்திலும் மூட்டுகளிலும் இருக்கும் உணர்வு நரம்புகள் ஆகிய மூன்றும் சேதி அனுப்ப, மூளை நொடிக்குள் கணக்குப் போட, கால் சதை அதற்கேற்ற பலத்தோடு இயங்க வேண்டும். நீண்ட நாள் சர்க்கரை நோயால் பாதம் மரத்துப்போனவர் எவ்வளவு வளைந்தாலும் இருட்டில் தடுமாறுவார். முதியோர் விழுவதைத் தடுக்கும் பயிற்சிகளைப் பற்றிய ஆய்வுகளைத் தொகுத்து 2019இல் வெளியான காக்ரேன் மதிப்பாய்வு இதைத் தெளிவாகச் சொல்கிறது: சமநிலைப் பயிற்சியும், எழுந்து உட்காருவது போன்ற அன்றாட அசைவுப் பயிற்சிகளும் விழுவதை ஏறத்தாழ 24 சதவீதம் குறைக்கின்றன. ஸ்ட்ரெச்சிங் மட்டுமே செய்தால் விழுவது குறையும் என்பதற்குப் போதுமான சான்று இல்லை.

ஸ்ட்ரெச்சிங்கில் ஆபத்தும் இருக்கிறது. எலும்பு தேய்மானம் உள்ளவர்கள், குறிப்பாக மாதவிடாய் நின்ற பெண்கள், முதுகை வளைத்து ஆழமாகக் குனிந்து காலைத் தொடக் கூடாது. பலவீனமான முதுகெலும்பு நசுங்கி உடையலாம். முதுகு கூன் விழத் தொடங்கியிருந்தால், உயரம் குறைந்திருந்தால் முதலில் மருத்துவரைக் கேளுங்கள். மூட்டு மாற்று அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களுக்கும் தனிக் கட்டுப்பாடுகள் உண்டு. ஒரே நிலையில் 60 நொடிக்கு மேல் இழுத்துப் பிடித்தால் சற்று நேரத்துக்குச் சதையின் பலம் குறையும். அதனால் நீண்ட இழுப்பு செய்த கையோடு படி இறங்காதீர்கள். நடந்து உடம்பு சூடான பிறகு செய்வதே பாதுகாப்பு. துள்ளித் துள்ளி இழுக்கவே வேண்டாம். இழுப்பு தெரியலாம், வலி வரக் கூடாது.

முறை எளிது. சுவரில் கை ஊன்றி, ஒரு காலைப் பின்னால் வைத்து, குதிகாலை எடுக்காமல் 30 முதல் 60 நொடி. இரண்டு மூன்று தடவை, வாரத்தில் இரண்டு மூன்று நாள் போதும். அதோடு நிறுத்தாமல் சமையல் மேடையைப் பிடித்துக்கொண்டு ஒரு காலின் குதிகாலை மற்றொன்றின் விரல் நுனியில் ஒட்டி நில்லுங்கள். கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழுந்து உட்காருங்கள். 65 வயதைக் கடந்தவர்கள் சமநிலையும் பலமும் சேர்ந்த பயிற்சியை வாரம் மூன்று நாளாவது செய்ய வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் 2020 வழிகாட்டுதல். பக்கத்தில் ஒருவரை வைத்துக்கொண்டு, குதிகால்–விரல் ஒட்டிய நிலையில் எதையும் பிடிக்காமல் 10 நொடி நிற்க முடியவில்லை என்றால் விழும் அபாயம் கூடியிருக்கிறது என்று பொருள். மருத்துவரிடம் சொல்ல அதுவே போதுமான காரணம்.

பலர் சொல்வதில்லை என்பதுதான் என் கவலை. விழுந்ததைச் சொன்னால் பிள்ளைகள் வெளியே விட மாட்டார்கள் என்று மறைக்கிறார்கள். "அம்மா, இந்த வருஷம் எங்கேயாவது விழுந்தீங்களா?" என்று கோபமில்லாமல் நாம்தான் கேட்க வேண்டும். தூக்க மாத்திரையும் ரத்த அழுத்த மாத்திரையும்கூடத் தலைசுற்றலைத் தரலாம். தானாக நிறுத்தாமல், எல்லா மாத்திரைகளையும் மருத்துவரிடம் எடுத்துக் காட்டுங்கள்.

தமிழ்நாட்டில் இருப்பவர்களுக்கு அரசு வழியும் உண்டு. 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில், ரத்த அழுத்த, சர்க்கரை மாத்திரைகளோடு, தேவைப்படுவோருக்கு வீட்டிலேயே பிசியோதெரபியும் அடங்கும். மாத்திரை கொண்டுவரும் சுகாதாரத் தன்னார்வலரிடமோ ஆரம்ப சுகாதார நிலையத்திலோ பிசியோதெரபி வேண்டும் என்று பெயர் சொல்லிக் கேளுங்கள். வந்தவரிடம் சமநிலைப் பயிற்சியும் சொல்லிக் கொடுக்கச் சொல்லுங்கள். முதியோருக்கான உதவி எண் 14567.

கட்டணம் வாங்கும் உடற்பயிற்சிக் கூடத்திலோ யோகா வகுப்பிலோ சேர்ந்தால், பயிற்றுநர் என்ன படித்தவர் என்று கேட்கும் உரிமை உங்களுக்கு உண்டு. உங்கள் நோய்களை எழுதிக் கொடுத்து ஒரு நகல் வைத்துக்கொள்ளுங்கள், ரசீதையும் பத்திரப்படுத்துங்கள். அவர்களுடைய கவனக்குறைவால் காயம் பட்டால் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019இன்படி இரண்டு ஆண்டுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் முறையிடலாம். செலுத்திய தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் மனுக் கட்டணம் இல்லை. 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணிலும் முதலில் ஆலோசனை கேட்கலாம்.