வல்லாரையும் முதுமைத் தோலும்

கண்டியிலிருந்து கொழும்பு செல்லும் பெருந்தெருவிற் பேராதனையைக் கடந்து சென்றால் வருவது பிலிமத்தலாவை. அங்குள்ள மரக்கறிக் கடைகளிற் கட்டுக்கட்டாக விற்கப்படும் கீரைகளுள் வல்லாரையும் ஒன்று. சிங்கள மக்கள் அதனைக் கொட்டுக்கொல என்பர். சம்பலாகவும் கஞ்சியாகவும் உண்ணப்படும் இவ்வெளிய இலையின் சத்து, இன்று முதியோர் தோலுக்கான பூச்சுக்களிற் சேர்க்கப்படுகின்றது. அப்பூச்சுள்ள சிறு சிமிழொன்றின் விலைக்குக் கீரைக்கட்டுப் பல வாங்கலாம். விலைக்குத் தக்க பயன் அதனிடம் உண்டா என்பது ஆராயத்தக்கது.

சித்த வைத்தியரும் ஆயுள்வேத வைத்தியரும் புண்ணுக்கும் தோல் நோய்க்கும் வல்லாரையை நெடுங்காலமாக வழங்கி வந்தனர். 1941ஆம் ஆண்டிற் பொன்ரெம் என்பார், மடகாசுக்கர்த் தீவில் வளர்ந்த வல்லாரையிலிருந்து ஆசியாற்றிக்கோசைட்டு என்னும் பொருளைப் பிரித்தெடுத்தார். மடக்காசோசைட்டு என்பதும் அதன் இனத்ததே. பெயரிலேயே தீவின் சாயல் காணப்படுகின்றது.

முதுமையில் மேற்றோல் மெலியும், எண்ணெய்ப்பசை குறையும், உட்டோலிலுள்ள கொலாசன் என்னும் நார்ப்புரதம் தளரும். வயலிலும் தேயிலைத் தோட்டத்திலும் வெயிலில் உழைத்தோர்க்கு, ஞாயிற்றின் ஊதாக்கடந்த கதிர்கள் இத்தளர்ச்சியை விரைவுபடுத்துகின்றன. கண்டியின் தைமாதக் குளிரில் இத்தகையோர் படும் அரிப்பு, அழகு பற்றியதன்று, உறக்கம் பற்றியது. வல்லாரைச் சத்துக்கள் அழற்சியைத் தணிப்பதோடு, கொலாசனை ஆக்கும் கலங்களைத் தூண்டுவனவாகவும் ஆய்வுகூடங்களிற் காணப்பட்டுள்ளன.

ஆய்வுகூடக் கலம் வேறு, மனிதர் முகம் வேறு. 2008இல் வெளிவந்த ஆய்வொன்றில், வெயிலால் முதிர்ந்த தோலுடைய பெண்கள் 20 பேர் ஆறு திங்கள் ஒரு பூச்சினைப் பயன்படுத்தினர். சுருக்கம் குறைந்து நெகிழ்ச்சி கூடியதாக அறியப்பட்டது. ஆயின் அப்பூச்சில் மடக்காசோசைட்டு நூற்றுக்கு 0.1 பங்கும், விற்றமின் சி 5 பங்கும் இருந்தன. புகழ் முழுவதையும் வல்லாரைக்கே சூட்டுதல் முறையன்று. இருபதின்மரைக் கொண்டு இளமை திரும்புமென்று விளம்பரஞ் செய்தல் அதனினும் முறையன்று. வறட்சியும் எரிவும் தணியும் என்னும் அளவோடு நிற்பதே பொருத்தம்.

இலையை அரைத்து முகத்திற் பூசினாற் போதாதோ எனச் சிலர் வினவலாம். இலையிற் சத்தின் அளவு நிலத்துக்கு நிலம் வேறுபடும். ஈரநிலத்திற் படர்வதாதலின் மண்ணும் கிருமியும் ஒட்டியிருத்தல் கூடும்; வெடித்த தோலில் அதனை இடலாகாது. சிலர்க்கு வல்லாரையே ஒவ்வாமையைத் தரும். ஆகவே சிமிழிலுள்ள பூச்சையும் முதலில் முன்கையின் உட்புறத்திற் சிறிது தடவி, இரண்டு மூன்று நாள் பார்த்த பின்னரே முகத்திற் பூசுதல் வேண்டும்.